கொடைமடத்தில் பாரியை மிஞ்சியவர்கள்

முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போன பாரி, அந்தக் கொடிக்குத் தேர் எதற்கு என்று யோசித்திருந்தால் வள்ளல் வரிசையில் இடம்பிடித்திருக்க மாட்டான். அப்படிப்பட்ட கை பறம்பு மலையோடு போய்விட்டது என்று நினைப்பவர்கள், அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துக் கான்சாஸ் சிட்டி பள்ளி மாவட்டத்தின் கதையைப் படிக்க வேண்டும். புகழ வேண்டியவர்களை இருக்கும்போதே புகழ்ந்துவிடாத குறை நமக்கு உண்டு. இவர்கள் விஷயத்திலாவது அதைத் தீர்த்துக்கொள்வோம்.

1980களில் அந்த நகரத்துப் பள்ளிகள் ஒழுகிக்கொண்டிருந்தன. வெள்ளையர் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபோய்விட, மிஞ்சிய பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். பள்ளி வரியைக் கூட்ட 1969க்குப் பிறகு வைத்த எந்த வாக்கெடுப்பிலும் நகரத்தார் சம்மதம் தரவில்லை. பிள்ளைகளை இனம் பார்த்துப் பிரித்து வைத்த பழைய அநீதியின் மிச்சத்தை மாநில அரசும் மாவட்டமும் துடைக்கவில்லை என்று கூட்டாட்சி நீதிபதி ரஸ்ஸல் கிளார்க் 1984ல் கண்டார். அடுத்த ஆண்டே பரிகாரம் தொடங்கியது. வாக்காளர்கள் தர மறுத்த வரியை அவரே உயர்த்தினார்: நூறு டாலர் வரிமதிப்புக்கு 2.05 டாலராக இருந்த சொத்துவரி 4 டாலர் ஆனது. எஞ்சிய பெருஞ்செலவு மாநில அரசின் தலையில் விழுந்தது. ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு நீதிபதி இவ்வளவு தூரம் மல்லுக்கு நின்றாரே, அந்தத் துணிவுக்குத் தலை வணங்கத்தான் வேண்டும்.

பணம் வந்ததும் என்ன செய்தார்கள்? திட்டத்தின் பட்டியல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. நிதானமாகப் படிக்க வேண்டிய பட்டியல். உயர்நிலைப் பள்ளியின் ஒவ்வொரு வகுப்பறையிலும் குளிர்சாதனமும் 15 கணினிகளும். 2,000 சதுர அடியில் கோளரங்கம். 25 ஏக்கர் பண்ணை. அந்தப் பண்ணையில் 104 பேர் கூடிப் பேச ஒரு குளிர்சாதன மண்டபம். மொழிபெயர்ப்புக் கருவிகளோடு மாதிரி ஐக்கிய நாடுகள் சபை. வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள். வெப்பநிலை மாறாத ஓவியக்கூடம். நீச்சல்குளம். ஆரம்பப் பள்ளியில் விலங்குகள் தங்க 1,875 சதுர அடி. டீசல் எஞ்சின் பழுதுபார்க்கக் கற்பதற்கு 3,500 சதுர அடிப் பட்டறை, அதுவும் தூசு புகாத பட்டறை. டீசல் எஞ்சினுக்குத் தூசு ஆகாதே என்று பதறிய அந்த உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். அந்த அக்கறை வேறெந்தப் பள்ளி மாவட்டத்துக்கு வரும்?

1995 வரையிலான கணக்கில் கட்டுமானத்துக்கு மட்டும் 54 கோடி டாலருக்கு மேல். வெளியிலிருந்தும் பிள்ளைகளை ஈர்க்க அமைத்த சிறப்புப் பள்ளிகளின் திட்டத்துக்கு 44.8 கோடிக்கு மேல். பக்கத்துப் புறநகர்கள் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,854 டாலர் முதல் 5,956 டாலர் வரை செலவழித்துக்கொண்டிருக்க, இங்கே கட்டுமானத்தைச் சேர்க்காமலே 7,665 முதல் 9,412 டாலர் வரை ஆனது.

சம்பள விஷயத்தில் அவர்கள் காட்டிய சமநோக்கு ஞானிகளுக்கே வாய்ப்பது. சுமார் 5,000 ஊழியர்களில் ஐந்தே பேரைத் தவிர அத்தனை பேருக்கும் சம்பள உதவி கிடைத்தது. பிள்ளையை மடியில் இழுத்து உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொல்லித் தருகிறவர், கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு மணி அடிக்கக் காத்திருக்கிறவர் என்ற பேதம் அங்கே இல்லை. இருவருக்கும் ஒரே உயர்வு.

விருந்தோம்பல்தான் இவர்களுடைய ஆகப் பெரிய சிறப்பு. இத்தனை அலங்காரமும் யாருக்காக? புறநகரின் வெள்ளைப் பிள்ளைகள் மனம் இளகி நகரத்துப் பள்ளிக்கு வர வேண்டும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் கறுப்புப் பிள்ளைகளின் படிப்பும் உயரும் என்பது திட்டத்தின் உயிர்நாடி. அழைத்துவர வாடகைக் கார்கூட அனுப்பினார்கள். சிறப்புப் பள்ளிகளில் நூற்றுக்கு நாற்பது இடத்தை அவர்களுக்கென்றே ஒதுக்கினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு அவர்கள் வரவில்லை. வராவிட்டால் என்ன, வாக்கு வாக்குதான். தெருமுனைப் பள்ளியில் சேரக் கறுப்புப் பிள்ளைகள் காத்திருப்புப் பட்டியலில் நிற்க, உள்ளே நாற்காலி காலியாகவே காத்திருந்தது. யாருக்கு அநீதி நடந்ததென்று வழக்குத் தொடுத்தார்களோ அந்தப் பிள்ளைகளையே வாசலில் நிறுத்திவைத்து, வராத விருந்தாளியின் இலையைக் காத்தவர்களை எந்தச் சொல்லால் புகழ்வது?

இதற்கு அங்கீகாரமும் கிடைத்தது. மிசௌரி மாநிலம் தன் பள்ளி மாவட்டங்களுக்குக் கொடுத்த மிக உயர்ந்த தரம் மூன்று ‘ஏ’. 1987-88லேயே கான்சாஸ் சிட்டி அதை வாங்கிவிட்டது. பிறகு அந்தத் தரத்துக்கு வேண்டியதையும் தாண்டிப் போனது. வசதிகள் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துக் கொடுக்கிற தரம் அது. பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்று நச்சரிக்காத, பெரிய மனதுடைய தரம்.

வாசிக்க வரவில்லை என்பதே உண்மை. ஆண்டுகள் போயின, தேர்வு மதிப்பெண் உயரவில்லை. கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளுக்கு இடையிலான இடைவெளியும் குறையவில்லை. 1995 ஜூனில் உச்ச நீதிமன்றம், புறநகர்ப் பிள்ளைகளை ஈர்ப்பதற்காக இப்படிச் செலவிடச் சொல்லும் அதிகாரம் கீழ் நீதிமன்றத்துக்கு இல்லை என்று 5க்கு 4 என்ற கணக்கில் நிறுத்தியது. 1997ல் கிளார்க் வழக்கிலிருந்து விலகினார். பரிகாரம் தொடங்கிய ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்குப் பன்னிரண்டு வகுப்பும் முடிந்த ஆண்டு அது. அந்தக் குழந்தைக்கு இன்னொரு பன்னிரண்டு வருஷம் கிடைக்காது என்பது மட்டும்தான் எனக்கு ஆறவில்லை. 2000ல் மாவட்டம் மாநில அங்கீகாரத்தையே இழந்தது. 2010ல் 61 பள்ளிகளில் 28ஐ மூட முடிவெடுத்தார்கள்.

கான்சாஸ் சிட்டியின் கொடை அதன் எல்லையோடு நிற்கவில்லை. உலகம் முழுவதும் இருக்கிற கஞ்சர்களுக்கும் அது வாரி வழங்கியிருக்கிறது. ஏழைப் பள்ளிக்குப் பணம் கேட்டு யார் போனாலும், பணம் போட்டால் படிப்பு வராது, கான்சாஸ் சிட்டியைப் பாருங்கள் என்று ஒரு வரியில் அனுப்பிவிடலாம். பள்ளிச் செலவு பத்து சதவீதம் கூடி, அது பன்னிரண்டு ஆண்டும் நீடித்தால், பிள்ளைகள் வளர்ந்து வாங்கும் ஊதியம் ஏறத்தாழ ஏழு சதவீதம் உயர்கிறது, ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம் என்று ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ ஆகிய ஆய்வாளர்கள் 2016ல் காட்டினார்கள். அதை எடுத்துச் சொன்னால் யார் காதில் ஏறுகிறது? கோளரங்கமும் நீச்சல்குளமும் கண்ணை மறைக்கின்றன. இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறுகிற பத்துப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு ஆசிரியரைக் கேட்டு வருகிற தலைமையாசிரியர், அந்த நீச்சல்குளத்துக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தன் மனுவை நீட்ட வேண்டியிருக்கிறது.