கம்முனு இருக்கறதுக்கும் ஒரு பீரியடா?

வா கண்ணு, உக்கோரு. கயித்துக் கட்டில்ல வேண்டாம், அதுல ஒரு காலு ஆடும், திண்ணையிலயே உக்கோரு. செருப்பை அக்கட்டால தள்ளி விட்டுப்போடு, அந்தச் செவலைக் கன்னு வாயில போட்டுக்கும். முந்தாநேத்துத்தான் தும்பு மாத்திக் கட்டுனேன், அதுக்குள்ள முளைக்குச்சியை ஆட்டி ஆட்டிப் பாத்துக்கிட்டு இருக்குது. உன்ற மூஞ்சியும் இன்னைக்கு அதையாட்டமே இருக்குது. என்னாச்சு?

பள்ளிக்கூடத்துல புது வகுப்பா? ஆறாப்பு, ஏழாப்பு, எட்டாப்புப் புள்ளைகளைக் கண்ணை மூடி உக்கோர வெச்சு மூச்சைக் கவனிக்கச் சொல்லோணுமா? அதுக்குப் பேரு மைண்ட்ஃபுல்னஸா? சரி. நெனவோட இருக்கறதுன்னு வெச்சுக்குவோம். உன்ற ஆத்தா இதைய ரெண்டே வார்த்தையில முடிச்சுருவா: 'கம்முனு இரு'. நீ அஞ்சு வயசுல இதே திண்ணையில குதிச்சுக்கிட்டுத் திரியறப்ப நாளைக்கு நாப்பது வாட்டி சொல்லுவா, அதுவும் சம்பளம் இல்லாம. இப்ப அதுக்கு உனக்கு ரெண்டு நாள் பயிற்சி, ஒரு பை, ஒரு சான்றிதழ், மத்தியானம் சோறு. சோறு எப்படி இருந்துச்சு கண்ணு? தெரியலையா? போனைப் பாத்துக்கிட்டே தின்னுபோட்டயா? அட சாமி, நெனவோட இருக்கறது எப்படின்னு சொல்லிக் குடுக்கற எடத்துல தின்ன சோறே நெனவில்லையா!

காஞ்ச திராட்சை ஒண்ணைக் குடுத்து அஞ்சு நிமிசம் தின்னச் சொன்னாங்கன்னயே, அது பழைய வித்தைதான். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியில ஜான் கபாட்-ஜின்னுன்னு ஒருத்தரு 1979ல ஆரம்பிச்சது. ஆறாத வலியோட திரிஞ்ச நோயாளிகளுக்காகத்தான் தொடங்குனாரு, எட்டு வாரம் பழக்கம். திராட்சையைப் பாரு, மோந்து பாரு, நாக்குல வெய்யி, கடிக்காத. நல்ல வித்தைதான், குத்தம் சொல்லலை. ஆனா நானும் என்ற தம்பியும் கண்ணபுரம் சந்தையில இருந்து வீடு வர்ற வரைக்கும் ஆளுக்கு ஒரு கமர்கட்டைக் கடிக்காம வாய்க்குள்ளயே வெச்சிருப்போம். மொதல்ல கரைச்சவன் தோத்தான். அவன் கன்னத்துல எம்புட்டு மிச்சம் இருக்குதுன்னு நானும், என்றதுல எம்புட்டுன்னு அவனும் பாத்துக்கிட்டே வருவோம். அதைக்காட்டியும் நெனவோட ஒரு பண்டத்தை எவன் தின்னிருக்கான்?

சரி, உன்ற வகுப்புல என்ன நடந்துச்சு? நாலு பேரு சிரிச்சாங்க, ரெண்டு பேரு தூங்கிட்டாங்க, ஒரு பையன் ஒத்தைக் கண்ணைத் தெறந்து எவனெவன் கண்ணைத் தெறந்திருக்கான்னு பாத்தானா? அவனைத் திட்டிட்டயா? போச்சு போ. அந்த வகுப்புலயே நெனவோட இருந்தது அவன் ஒருத்தன்தான்.

புள்ளைகளைக் குத்தம் சொல்லறதுக்கு முன்னால அவிங்க காதுல இது எப்படி விழுகுதுன்னு ரோசனை பண்ணிப் பாரு. ஒண்ணாப்புல இருந்து 'வாயில வெரலு', 'கையக் கட்டு', 'பொட்டாட்ட உக்கோரு'. ஆறு வருசமா இதையே கேட்டவன் கிட்டப் போயி 'கண்ணை மூடு, உன்ற மூச்சைக் கவனி'ன்னா, பழைய வெரலுக்குப் புதுப் பேரு வெச்சிருக்காங்கன்னுதான் நெனப்பான். சத்தம் போட்டதுக்குத் தண்டனையா அஞ்சு நிமிசம் தியானம்னு உங்க பள்ளிக்கூடத்துல ஆராவது சொல்லியிருக்காங்களா? நீயேதானா? அது சரி.

நேத்து ராத்திரி உன்ற தங்கச்சி போன்ல ஒரு சங்கதி படிச்சுக் காட்டுனா. பிரிட்டன் நாட்டுல 84 பள்ளிக்கூடத்துல 8,000 புள்ளைகளுக்கு மேல சேத்து ஒரு சோதனை பண்ணியிருக்காங்க. மிரியட்டுன்னு பேரு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ்காரங்கெல்லாம் கூடிப் பண்ணுன வேலை. புள்ளைகளும் உன்ற வகுப்பு வயசுதான். ஒரு பாதிப் பள்ளிக்கூடத்துல இந்த மூச்சுப் பாடம், பத்து வகுப்பு. மறுபாதியில வழக்கமா நடத்தற மனசு, பழக்கவழக்கம் பத்துன பாடம். 2022ல முடிவை எழுதுனாங்க. என்னன்னு எழுதுனாங்க தெரியுமா? வழக்கமான பாடத்தைக்காட்டி இது ஒண்ணும் எச்சா வெளையலைன்னு. வீட்டுலயும் செஞ்சு பாருங்கன்னு சொன்னதை முக்காவாசிப் புள்ளைக செய்யவே இல்லை. ஏற்கெனவே மனசு நொந்து கெடக்கற புள்ளைகளுக்கு இது ஒத்துக்காமயும் போகலாம்னு ஒரு எச்சரிக்கையும் வெச்சாங்க.

இதுல கூத்து என்னன்னா, சொல்லிக்குடுத்த வாத்தியாருகளுக்குச் சலிப்பும் எரிச்சலும் கொறைஞ்சிருக்குது! பள்ளிக்கூடத்துக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் மதிச்சுப் பேசறதும் கொஞ்சம் கூடியிருக்குது. வருசம் திரும்பறப்ப அதுலயும் பெரும்பகுதி தேஞ்சு போச்சுங்கறது வேற கதை. ஆனாலும் பாரு, கசாயம் குடிச்சது புள்ளை, காய்ச்சல் எறங்குனது வாத்தியாருக்கு. ஏன்னு கேளு. அவிங்க பாடம் நடத்தறதுக்கு முன்னால தாங்களே வாரக்கணக்குல உக்கோந்து பழகியிருந்தாங்க. ரெண்டு நாள்ல பையி வாங்கிக்கிட்டு வரலை.

நான் அந்தப் பாடமே வேண்டாங்கலை கண்ணு, அவசரப்பட்டு மூஞ்சியைத் தூக்காத. மானாவாரியில ஒரு போகம் வெளையலைன்னா வெதையை மட்டும் திட்டுனா ஆச்சா? மழை எப்ப பேஞ்சுது, எவன் ஓட்டுனான், எம்புட்டு ஆழம் ஓட்டுனான்னு பாக்க வேண்டாமா?

அந்தச் செவலையைப் பாரு. காங்கேயத்துக் கன்னு பொறக்கறப்ப செவலையாத்தான் பொறக்கும். ஆறு மாசம் ஆனா நெறம் மாறி மயிலை ஆயிரும். நடுவுல கொஞ்ச நாளைக்கு இதுவும் இல்லாம அதுவும் இல்லாம ஒரு நெறம். உன்ற ஏழாப்புப் பசங்களும் அந்த நெறத்துலதான் நிக்கறாங்க. தொண்டை உடையுது, மொகத்துல பரு, கூடப் படிக்கறவன் ஒரு வார்த்தை சொன்னா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. கோவத்தைக் கெளப்பிவிடற பாகம் மூளையில நல்லா முழிச்சுக்குது. பொறு, ரோசனை பண்ணுன்னு நிறுத்தற முன்மண்டைப் பாகம் இருவத்தஞ்சு வயசு வாக்குலதான் முத்துமாம். மாட்டுக்குப் பலம் வந்துருச்சு, மூக்கணாங்கயிறு இன்னும் வரலை. அப்பேர்ப்பட்ட கன்னை ஒரு சாண் கயித்துல கட்டிப்போட்டு 'அசையாத'ன்னா முளைக்குச்சியைத்தான் புடுங்கும். கயித்தை நீட்டி விடோணும். சுத்தட்டும். சுத்திச் சுத்தி முளைக்கே வரும்.

அதனால இருவது நிமிசமெல்லாம் கண்ணை மூடி உக்கோர வெக்க வேண்டாம். உங்க பள்ளிக்கூடத்துல மணிக்குப் பதிலாத் தண்டவாளத் துண்டு ஒண்ணு தொங்குமே, இன்னும் இருக்குதா? அதுல ஒரு தட்டுத் தட்டு. அந்த ரீங்காரம் காதுல இருந்து எப்ப முழுசா மறையுதோ அப்பக் கையைத் தூக்குங்கன்னு சொல்லு. அம்புட்டுத்தான். கண்ணை மூடறதும் மூடாததும் அவிங்க இஷ்டம். ராத்திரி அப்பன் குடிச்சுப்போட்டு வந்து பாத்திரத்தை வீசுன வீட்டுப் புள்ளை ஒண்ணு உன்ற வகுப்புல இருக்கும். அது கண்ணை மூடுனா உனக்குத் தெரியற அமைதி தெரியாது, அந்தப் பாத்திரந்தான் தெரியும். அதையப் போயி மூடு மூடுன்னு கட்டாயப்படுத்தாத. தரையைப் பாக்கட்டும், சன்னல்ல காக்காயைப் பாக்கட்டும். ரெண்டு நாள் பாத்தும் அந்த மூஞ்சி வாடியே இருந்தா, மூச்சுப் பாடம் அதுக்கு மருந்தில்லை. தனியாக் கூப்புட்டு என்னன்னு கேளு.

மூச்சுக்கும் ரொம்பப் பெரிய சாஸ்திரம் பேசவேண்டாம். திருமந்திரத்துல 16 மாத்திரை உள்ளே, 64 நிறுத்தி, 32 வெளியேன்னு கணக்கு இருக்குது. அது யோகிக்கு. உன்ற பையனை 64 எண்ணற வரைக்கும் மூச்சைப் புடிக்கச் சொன்னயின்னா அவிங்கம்மா பொழுதோட நம்ம வாசல்ல நிப்பா. மூச்சை உள்ள இழுக்கறப்ப நெஞ்சு கொஞ்சம் வெரசாத் துடிக்கும், வெளிய விடறப்ப மெதுவாகும். அதனால வெளிய விடறதை நீட்டி விட்டாப் போதும். பரீட்சைக்கு முன்னால மூணு வாட்டி, சண்டைக்கு முன்னால... சண்டைக்கு முன்னால எவனுக்கு ஞாபகம் வரும், அதைய விடு.

மூச்சை நீட்டி விடறதுக்குன்னே ஒரு வெளையாட்டு வெச்சிருந்தமே. சடுகுடு. 'சடுகுடு சடுகுடு'ன்னு ஒரே மூச்சுல பாடிக்கிட்டு எதிராளி கோட்டுக்குள்ள போகோணும். ஏழு பேரு நிப்பாங்க. எவன் காலுல கண்ணு வெச்சிருக்கான், எவன் கொடிபோட வர்றான், கோடு எம்புட்டுத் தூரம், நெஞ்சுல காத்து எம்புட்டு மிச்சம்னு அத்தனையும் ஒண்ணாப் பாக்கோணும். பாட்டு விட்டுப்போச்சுன்னா ஆளு அவுட்டு. அங்க எவனாவது நேத்து வாங்குன மார்க்கை நெனச்சுக்கிட்டு நிப்பானா? அந்த வெளையாட்டுக்குன்னு ஒரு பீரியடு உங்க பள்ளிக்கூடத்து அட்டவணையில இருக்குதே, அதைய எவ வாங்கிக்கறா? கணக்கு டீச்சரா? கணக்கு டீச்சரு யாரு கண்ணு? ஏன் தலையைக் குனியற? வெளையாட்டு பீரியடைப் புடுங்கிக்கிட்டு, புடுங்குனதுனால வந்த படபடப்புக்கு மூச்சுப் பாடம் நடத்தறயா? நல்ல யாவாரம்!

வாழ்க்கைத் திறன்னு பத்து எழுதி வெச்சிருக்கே உன்ற புத்தகத்துல, அது உலக சுகாதார நிறுவனம் 1990கள்ல சொன்னது. முடிவெடுக்கறது, அடுத்தவன் மனசறியறது, கோவத்தைச் சமாளிக்கறதுன்னு வரிசையாப் போகும். பன்னெண்டு வயசுல எங்கப்பன் என்னைய மாட்டுச் சந்தைக்குக் கூட்டிக்கிட்டுப் போவாரு. துண்டைப் போட்டு மூடிக்கிட்டு வெரலைப் புடிச்சு வெலை பேசுவாங்க, பாத்திருக்கயா? வாயில ஒரு பேச்சு, துண்டுக்குள்ள ஒரு பேச்சு. நான் பக்கத்துல நின்னு தரகன் மூஞ்சியையே பாப்பேன். அவன் கண்ணு எப்பச் சுருங்குதோ அப்ப வெலை படிஞ்சுருச்சுன்னு அர்த்தம். ஒரு நாள் எங்கப்பன் நல்ல சோடியை வேண்டாம்னு உதறிட்டு வந்தாரு. ஏனுங்கன்னு கேட்டேன். 'புடிச்சிருந்துச்சு, அதனாலதான் வந்துட்டேன். இன்னும் சித்தெ நேரம் நின்னா ரோசனை பண்ணாம வாங்கியிருப்பேன்'னாரு. அந்தப் பத்துல எத்தனை இதுல வருதுன்னு நீயே எண்ணிக்கோ. இப்பத்தப் புள்ளையைக் கடைக்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கக்கூட அனுப்பறதில்லை, அதுவும் போன்லயே வந்துருது.

அப்புறம் ஒண்ணு. இப்பத்தப் புள்ளைகளுக்கு ரெண்டே உணர்ச்சிதான். நல்லா இருந்தா 'செம', இல்லாட்டி 'கடுப்பு'. அவமானமும் கடுப்பு, பசியும் கடுப்பு, கூட்டாளி பேசாததும் கடுப்பு. நம்ம பாசையில எத்தனை வெச்சிருக்கோம்: ஏக்கம், ரோசம், கூச்சம், சங்கடம், பொச்சரிப்பு, மனத்தாங்கல். உள்ள இருக்கறதுக்குச் சரியான பேரு வெச்சுட்டா அதனோட வேகம் கொறையும்னு மனசைப் படிச்சவங்களே சொல்லறாங்க. வாரம் ஒரு வார்த்தை போர்டுல எழுது. பொச்சரிப்புன்னா என்னன்னு தெரியாத புள்ளைக்கு, அது வந்துருக்குதுன்னு எப்படித் தெரியும்? ஆசிரியர் அறையிலயும் எழுதிப் போடு, உதவும்.

டில்லியில 2018ல தலாய் லாமாவையே கூட்டிக்கிட்டு வந்து மகிழ்ச்சிப் பாடம்னு ஆரம்பிச்சாங்க. அரசாங்கப் பள்ளிக்கூடத்துல எட்டாப்பு வரைக்கும் தெனம் ஒரு பீரியடு. அதுல எனக்குப் புடிச்சது ஒண்ணே ஒண்ணு, பரீட்சை வெக்கலை. நம்ம பக்கம் ஆரம்பிச்சா டியூசனே வெச்சுருவாங்க. 'என்ற பையன் கம்முனு இருக்கறதுல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுங்க, அந்த ரெண்டு மார்க்கு எங்கீங்க போச்சு?'ன்னு கேப்பாங்க.

தூக்கத்தைச் சொல்ல மறந்துபோட்டேன். பன்னெண்டு வயசு வரைக்கும் 9 மணி நேரத்துக்குக் கொறையாமத் தூங்கோணும்னு டாக்டருக சொல்லறாங்க. ராத்திரி பதினொண்ணு வரைக்கும் போனு, காலையில அஞ்சு மணிக்கு டியூசன். உன்ற வகுப்புல தூங்குனாங்களே ரெண்டு பேரு, அவிங்களுக்கு அந்தப் பாடம் பலிச்சுருச்சுன்னே வெச்சுக்கோ. எழுப்பாத.

சரி, மூஞ்சியை இன்னும் உர்ருன்னு வெச்சுக்கிட்டு இருக்காத. போனை இப்படிக் குடு, சோளப் பானைக்குள்ள கெடக்கட்டும். ஒரு நிமிசம் உக்கோரு. உனக்குக் கண்ணை மூடோணும்னா மூடிக்கோ, நான் பாத்துக்கறேன். வேலியில கிளுவை ஆடற சத்தம் கேக்குதா? பேசாத, தலையாட்டு. மூச்சை வெளிய விடறதை நீட்டி விடு. ம்.

...

என்ன? ஒரு நிமிசம் ஆச்சுங்களா அப்பாருன்னு கேக்கறயா? மூணு நிமிசமே ஆச்சு கண்ணு. நீ கண்ணை மூடுன ஒடனே செவலை முளைக்குச்சியைப் புடுங்கிக்கிட்டுப் போயிருச்சு. இந்நேரத்துக்கு உன்ற பெரியப்பன் சோளக்காட்டுல நிக்கும். நீ இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் ஒழுங்கா மூச்சு விட்டுக்கிட்டு இருந்த, கூப்புட மனசு வரலை. ஓடு, வெரசா ஓடு. செருப்பையெல்லாம் தேடாத, ஒண்ணு அது வாயிலதான் இருக்குது.