விளம்பரத்துக்கு மட்டும் ரசிகர்

நண்பர் ஒருவர் தீவிர சினிமா ரசிகர். புதுப்படத்தை செல்போனில், ஒன்றரை மடங்கு வேகத்தில், பாட்டுகளைத் தள்ளிவிட்டுத்தான் பார்ப்பார். கிளைமாக்ஸ் பெரும்பாலும் குறட்டையில் போய்விடும்.

ஆனால் பழைய பத்திரிகை விளம்பரம் சிக்கிவிட்டால் பூதக்கண்ணாடி வந்துவிடும். 1948-இல் ஜெமினியின் ‘சந்திரலேகா’வுக்கு வந்த விளம்பரங்கள் என்றால் உயிர். படம் எடுக்குமுன்பே விளம்பரத் தொழிலில் கைதேர்ந்தவர் ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசன், படத்தின் முரசு நடனத்தை எப்படி விற்பது என்று அவருக்கா தெரியாது!

பழைய விளம்பரக் கட்டங்களின் அடியில் உள்ள பொடி எழுத்துதான் நண்பருக்கு இன்னும் இஷ்டம். ‘தினசரி 3 காட்சிகள்’, ‘வெற்றிகரமான 4-வது வாரம்’ (இப்போது மூன்றாம் நாளே வெற்றி விழா!), பிறகு தியேட்டர் பெயர்கள். கெயிட்டி, பாரகன், சபையர் என்று இடிக்கப்பட்ட கொட்டகைகளை எல்லாம் அர்ச்சனை மாதிரி ஒப்பிப்பார். இன்று ஓடும் படம் எந்தத் தியேட்டரில் என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று முழிப்பார்.

“அது சரி, ‘சந்திரலேகா’வை முழுசா பார்த்திருக்கீங்களா?” என்றேன்.

“மூணு மணி நேரத்துக்கு மேலே ஓடும் சார். யார் உட்கார்றது?”