சிறுவிலைச் சிறுபுகைவண்டி: ஒரு குணதோஷ விசாரணை

பாயிரம்

குற்றாலத்துச் சாரற்பருவத்தைப் பற்றியும், அங்கே வீழும் அருவிகளைப் பற்றியும், அவ்வருவிநீர் தலையில் விழுந்த மாத்திரத்தில் தீருமென்று சொல்லப்படும் வியாதிகளைப் பற்றியும் எழுதியோர் பலராக இருக்க, பேரருவிக்குப் போகும் வழியிலே கடைப்பலகைகளின்மேல் ஓயாது வட்டமிட்டுக்கொண்டிருக்கும் விலைகுறைந்த விளையாட்டு இஞ்சினை ஏறெடுத்துப் பார்த்தவர் இலர் என்னும் பெருங்குறையைச் சுட்டிக்காட்டி, அதனைத் தீர்க்கவல்லார் எம்மையன்றிப் பிறர் இலர் என்பதையும் தக்க அடக்கத்தோடு தெரிவித்து, இவ்விசாரணையைத் தொடங்குகின்றோம்.

ஆய்வுப்பொருளைக் கண்ணால் கண்டுவிடுவது நடுநிலைமைக்குக் கேடு என்று கருதும் பேராசிரியர் சிலர் உளர் எனினும், யாம் கண்டோம். சாரலுக்கு அஞ்சி விரித்திருந்த பிளாஸ்டிக் தாளின்மேல், வளைந்த தண்டவாளத் துண்டுகளைக் கோத்து அமைத்த வட்டத்தில், எண்ணெய்ப் பாக்கெட்டுகளுக்கும் சோப்பு அடுக்குக்கும் இடையே, ஓர் இஞ்சின் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு சென்றது. ஈரத்துண்டைப் போர்த்திப் பல் கிடுகிடுக்க நின்ற சிறுவன் ஒருவன், தாயார் கையைப் பிடித்து இழுத்தும் அவ்விடம் விட்டு அசையவில்லை. அவனே இவ்விசாரணையின் பிரதம சாட்சி.

இலக்கணமும் வகையும்

சிறுவிலை இஞ்சினாவது, தகப்பனார் பேரம் பேசாமல் வாங்க மாட்டாததும், பேரம் பேசி வாங்கிய பின்னரும் ஏமாந்தோம் என்று எண்ணாதிருக்க மாட்டாததுமாகிய இஞ்சின். அது நால்வகைப்படும்.

மரத்தால் ஆயது: அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்புகளுக்கு உறவுமுறை, கயிறு கட்டி இழுக்கப்படும், இழுப்பவன் நின்றால் நிற்கும்.

தகரத்தால் ஆயது: சாவி கொடுத்தால் ஓடும், சாவி தொலைந்தபின் ஓடாது.

பின்னுக்கு இழுத்து விட்டால் முன்னுக்குப் பாய்வது: இதன் ஆராய்ச்சி பெரும்பாலும் கட்டிலுக்கு அடியிலேயே நிகழும்.

பேட்டரியால் ஓடுவது: யாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

குணம்

இவ்விஞ்சினின் குணங்களுள் தலையாயது அளவின்மை. மேனாட்டிலே மெர்க்ளின் முதலிய புகழ்பெற்ற நிறுவனத்தார் செய்து விற்கும் மாதிரி வண்டிகளுள் பெருவழக்கான எச்.ஓ. அளவு என்பது, மெய்வண்டியின் 87-இல் ஒரு பங்காய், 16.5 மில்லிமீட்டர் இடைவெளித் தண்டவாளத்தில் ஓடுவது. அதனை 87-ஆல் பெருக்கினால் ஐரோப்பியருடைய 1435 மில்லிமீட்டர் பாதை வரும். நம் அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் பத்தொன்பதுக்குச் சற்று மேல். நம் பழைய மீட்டர் பாதையை வகுத்தால் பதினொன்றரை. ஆகவே பொன்னான பணத்தைக் கொட்டி வாங்கிய அத்தண்டவாளத்தின்மேல் நம் பொதிகை எக்ஸ்பிரஸை ஏற்றிவைப்பவர், மனச்சாட்சியுடையவராயின், ஒவ்வோர் இரவும் இரண்டேமுக்கால் மில்லிமீட்டருக்காக உறக்கம் இழக்க வேண்டியவரே.

அன்றியும், செங்கோட்டையையும் கொல்லத்தையும் 1904-இல் மலை குடைந்து இணைத்த மீட்டர் பாதை 2010-இல் மூடப்பெற்று 2018-இல் அகலப்பாதையாய்த் திறக்கப்பெற்றமையால், 2009-இல் ஒருவர் பதின்மூன்று கண் பாலத்தோடு அப்பாதையை அளவு பிசகாமல் தம் வீட்டு மாடியில் அமைத்திருப்பாராயின், அவர் பாடு இன்று பரிதாபத்துக்குரியது. சிறுவிலை இஞ்சினுக்கோ இத்தகைய கவலை இல்லை. அதன் பெட்டி இஞ்சினைவிட அகலமாகவும், சன்னல் கதவைவிடப் பெரிதாகவும் இருக்கும். அளவே இல்லாததற்கு அளவுப்பிழை எங்ஙனம் நேரும்?

காலவாராய்ச்சி

இதன் காலம் இன்னும் தீராத வழக்கு. தலையில் புகைபோக்கி இருத்தலால், செங்கோட்டைப் பாதையில் ஒய்.டி.எம். 4 டீசல் இஞ்சின்கள் வருவதற்கு முற்பட்டது என்பர் ஒருசாரார். வயிற்றில் மோட்டார் இருத்தலால் பிற்பட்டது என்பர் மற்றொரு சாரார். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டமையின், முத்திரையில்லாதன அவ்வாண்டுக்கு முற்பட்டன என்று கொள்வர் கல்வெட்டறிஞர். சட்டத்துக்குப் புறம்பட்டன என்று கொள்வர் அதிகாரிகள்.

தோஷம்

சக்கர அச்சில் அக்காளின் தலைமயிர் சுற்றிக்கொள்ளும். ஒரே பாட்டை ஓயாது பாடும். மீட்டர் பாதைக் காலத்தில் செங்கோட்டை மலையேற்றத்துக்குப் பின்னாலும் ஓர் இஞ்சினைப் பூட்டித் தள்ளுவது வழக்கம். இதுவோ மடித்த ஜமுக்காளத்தின் விளிம்பையும் ஏற மாட்டாது. அங்கே சிறுவனின் சுண்டுவிரலே பின்னிஞ்சின்.

வட்டமாகவே ஓடும் என்பது இதன்மேல் சாட்டப்படும் மற்றொரு குற்றம். முதலாமவரை இரண்டாமவர் மேற்கோள் காட்ட, இரண்டாமவரை மூன்றாமவர் காட்ட, மூன்றாமவரை முதலாமவரே தம் திருத்திய பதிப்பில் சான்றாகக் காட்டிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும் ஆராய்ச்சிகளை மதித்துப் போற்றும் நாம், ஒரு பொம்மையை மட்டும் இதற்காகக் கடிவது அறமாகாது. பொம்மைக்குப் பேட்டரியாவது தீரும்.

பேட்டரிப் படலம்

இனி, பேட்டரி. ஒன்றரை வோல்ட் பேட்டரிக் கட்டை ஒன்றில் அடங்கியுள்ளது இவ்விஞ்சினின் பிராணன். அக்கட்டை பெட்டிக்குள் இருப்பதில்லை. மேலட்டையில் மலை, குகை, பாலம், நிலையம், கொடியசைக்கும் அதிகாரி ஆகிய அனைத்தும் தீட்டப்பட்டிருக்க, உள்ளே கட்டைகூட இல்லாமையை உயர்வு நவிற்சி அணியென்று அமைதி கூறுவர் உரைகாரர். ஆகவே வீடு திரும்பிய இரவில், கடைகள் அடைத்துவிட்ட வேளையில், சிறுவனின் பார்வை கூடத்துச் சுவர்க்கடிகாரத்தின்மேல் விழுகிறது. அதுவும் இதே அளவுக் கட்டையையே உண்பது. விளைவு: ரயில் ஓடுகிறது, காலம் நிற்கிறது.

ஐன்ஸ்டைன் தம் சார்புக் கொள்கையைப் பொதுமக்களுக்கு விளக்கப் புகுந்தபோது புகைவண்டியையும் கடிகாரத்தையுமே துணைக்கொண்டார் என்பது உண்மையே. ஆனால் ஓடும் வண்டியிலுள்ள கடிகாரம், தரையில் நிற்பவன் கணக்கில் மெதுவாக நடக்கும் என்ற அளவோடு அவர் நிறுத்திக்கொண்டார். வண்டி தரையிலும் கடிகாரம் சுவரிலுமாக இருக்க, வண்டி புறப்படுமுன்னரே கடிகாரம் அடியோடு நின்றுவிடும் தென்காசி விளைவை அவர் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றில்லை. இதனைச் சார்புக் கொள்கையின் நீட்சி என்பர் திண்ணை மரபினர். களவு என்பது அச்சிறுவனின் ஆச்சி உரை. அவ்வுரையின் மூலபாடம்: "ஏலே, கடிகாரத்துக் கட்டைய எங்கலே கொண்டு போட்டே?"

(இது இரண்டாம் பதிப்பின் பாடம். முதற்பதிப்பு, அச்சேறத் தகாத சொற்கள் மிகுந்தமையால், இப்போது கிடைப்பதில்லை. சமையற்கட்டுப் பிரதியில் இறுதியில் ‘நாசமாப் போறவனே’ என்று ஓர் அடி மிகுந்து காணப்படுகிறது. அவ்வடி இடைச்செருகல் என்று பெரியப்பா கூறியதும், ஆச்சியின் நடையை அறிந்தோர் அங்ஙனம் கூறார் என்று அவருடைய சகலையார் மறுத்ததும், அம்மறுப்புக்கு எழுந்த மறுப்பும், அம்மறுப்பின்மேல் இருவீட்டாரும் பேச்சை நிறுத்தியதும், பின்னர் இலஞ்சியில் நடந்த கல்யாணப் பந்தியில் இருவரும் அடுத்தடுத்த இலையில் அமர நேர்ந்து, பாயசம் வந்த அளவில் அவ்வழக்கு முடிவுற்றதும் தனியே ஒரு நூலாக விரிப்பின் பெருகும்.)

ஓடி ஓய்ந்த கட்டையை வெயிலில் காயவைத்தல், பல்லால் கடித்தல், உள்ளங்கையில் உருட்டல் ஆகிய மூவகைச் சிகிச்சையும் முயன்று தோற்றபின், கட்டை இறந்தது என்று அறிவிப்பது உலக வழக்கு. ஆயினும் இறந்ததென்று சொல்லப்பட்ட அதே கட்டையைக் கடிகாரத்தில் இட்டால், அது முள்ளை மாதக்கணக்கில் நகர்த்துவதைக் காண்கிறோம். கடிகாரம் வேண்டும் மின்னோட்டம், மோட்டார் வேண்டுவதில் மிகச் சிறு பங்கே ஆதலின். காரியம் காரணத்துள் முன்னரே உள்ளது என்னும் சற்காரியவாதியும், இல்லை என்னும் அசற்காரியவாதியும் இக்கட்டையை நடுவில் வைத்துக்கொண்டு வாதிடுவாராயின், இருவருமே வெல்வர். ஆதலின் முறையாவது: புதுக்கட்டை முதலில் ரயிலுக்கு, ரயில் கழித்த கட்டை கடிகாரத்துக்கு. இத்துணைப் படலம் விரித்து யாம் கண்ட இவ்வுண்மை ஆச்சிக்கு முன்னரே தெரியும். அவர் நூல் எழுதுவதில்லை.

முடிபு

எஞ்சியது, எளிதில் உடையும் என்னும் தோஷம். விலையுயர்ந்த இஞ்சின் கண்ணாடிப் பேழைக்குள் ஏறி, வருவோர் எட்ட நின்று வியக்கும் பொருளாய்த் தன் ஆயுளைக் கழிக்கிறது. சிறுவிலை இஞ்சினோ சில நாளில் உடைகிறது. செவ்வனே சொன்னால், உடைக்கப்படுகிறது. உள்ளிருந்து விரற்கடையளவு மோட்டார் ஒன்றும், செப்புக்கம்பிச் சுருளும், வளைந்த காந்தத் துண்டுகளும், வெள்ளைப் பற்சக்கரங்களும் வெளிப்படுகின்றன. மோட்டாரின் இரு கம்பிகளையும் கட்டையின்மேல் மாற்றித் தொட்டால் அது எதிர்த்திசையிற் சுழலும் என்பதை அச்சிறுவன், மேற்கோள் ஒன்றும் காட்டாமல், யாருக்கும் நன்றி கூறாமல், தரையில் குந்தியிருந்தபடியே கண்டுபிடிக்கிறான். பொருளைத் திறவாமலே அதன் உள்ளுறையைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதும் வித்தை இன்னும் அவனுக்குக் கைவரவில்லை.

எனவே, ஓடுவது இவ்விஞ்சினின் குணம்; திறந்து பார்க்க அஞ்சவேண்டாத விலையில் கிடைப்பது அதனினும் பெருங்குணம். வாங்குவோர் இரண்டாக வாங்குக: ஒன்று ஓட்ட, ஒன்று கழற்ற. கட்டையையும் உடன் வாங்குக. கடிகாரத்தைத் தொடற்க. கண்டுபிடித்த சிறுவனுக்குப் பட்டம் அளிக்கப் பல்கலைக்கழகம் எதுவும் முன்வராதாயின் வருந்துதல் வேண்டா. அக்காந்தத் துண்டை அவன் சட்டைப்பையில் வைத்துக்கொள்க. பட்டம் போலன்றி, அது குண்டூசியையேனும் கவரும்.