குழவி சுத்துமுங்க

கடைக்குக் கிளம்பும்போது வீட்டம்மா வாசலில் நிறுத்தி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஏனுங்க, அங்க வந்து நீங்க வாயே தொறக்கப்படாது. பில்லுப் போடறப்ப பணத்த மட்டும் எடுத்துக் குடுங்க."

இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஃபிரிட்ஜ் வாங்கப் போன இடத்தில், ஸ்டெபிலைசர் எப்படி வேலை செய்கிறது என்று கடைப் பையனுக்கு முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். பாடம் முடிந்தபோது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். அந்தக் கோடை முழுக்க மண்பானைத் தண்ணீர்தான். "பானைத் தண்ணிதான் ஒடம்புக்கு நல்லது" என்று அப்போது நான் சொன்னதை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் கோயமுத்தூர் கணபதியில் இருபத்தெட்டு வருடம் மோட்டார் காயில் கட்டியவன். சட்டையைத் துவைத்தாலும் வார்னிஷ் வாசம் போகாது. கல்யாண மண்டபத்துக்குப் போனால் நாதஸ்வரத்துக்கு முன்னால் ஜெனரேட்டர் சத்தம்தான் என் காதில் விழும். பேரிங் போயிருக்கிறதா, புஷ் போயிருக்கிறதா என்று தாலி கட்டுவதற்குள் சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவனைக் கிரைண்டர் வாங்கக் கூட்டிக்கொண்டு போய், வாயைத் திறக்காதே என்பது, கிடா விருந்துக்குக் கூட்டிப் போய் இலையை மடக்கி வைக்கச் சொல்வது போல.

இது என் ஒருவனுடைய சீக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்ச் சீக்கு. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்தது. மில்லுக்குப் போன கம்பி தோட்டத்துக் கிணற்றுக்கும் போயிற்று. 1937இல் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரை இங்கே செய்தார். அதோடு, "மோட்டாரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கோயமுத்தூர்க்காரனுக்குப் போய்விட்டது. பொண்ணுப் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தை விரிப்பதற்கு முன்னால், தோட்டத்துக் கிணற்றில் எத்தனை ஹெச்பி ஓடுகிறது என்று கேட்ட பெரியவர்களை எனக்குத் தெரியும். மற்ற ஊரில் ஏழரை என்றால் சனி. எங்கள் பக்கம் ஏழரை என்றால் மோட்டார். இரண்டும் ஒருவனைப் பாடாய்ப்படுத்தும் என்பது வேறு விஷயம்.

அந்தக் காலத்துக் கடைகளில் இந்தச் சீக்குக்கு மருந்தும் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். "பத்து ஹெச்பி மோட்டார் ஒண்ணு வேணுங்க" என்று தோட்டத்துக்காரர் மிடுக்காகக் கேட்பார். பெரியவர் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். "கெணறு எத்தனை அடிங்க? தண்ணி எத்தனை அடியில நிக்குது? ஊத்து எப்படிங்க? பைப்பு எத்தனை இஞ்சு?" என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "உங்க கெணத்துக்கு அஞ்சே போதுமுங்க. பத்தப் போட்டா அர மணியில தண்ணி வத்தி, மோட்டரு காத்தத்தான் இழுக்கும்" என்பார். வந்தவருக்கு மானப் பிரச்சினை. பக்கத்துத் தோட்டத்தில் ஏழரை ஓடும்போது தன் கிணற்றில் ஐந்தை எப்படி இறக்குவது? பெரியவர் அசைய மாட்டார். பத்து கேட்டு வந்தவருக்கு ஐந்தைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய கடைகள் அவை. அங்கே பொறுமை தேவைப்பட்டது, வாங்க வந்தவருக்கு. விற்கிறவருக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருந்ததால் வந்த பொறுமை.

இப்போது நான் போன கடை காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில், நாலு மாடி, ஏசி. கிரைண்டர் மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததும் ஒரு பையன் ஓடி வந்தான். இருபது வயதுதான் இருக்கும். "வாங்க அக்கா, வாங்க அங்கிள்" என்றான்.

அவர் அக்கா, நான் அங்கிள். எங்களுக்குள் மூன்று வயதுதான் வித்தியாசம். அந்த ஒரு வார்த்தையில் பையன் பாதி வியாபாரத்தை முடித்துவிட்டான். அதற்குமேல் அவன் எதைக் காட்டினாலும் அக்கா வாங்குவார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஊரு எதுங்க தம்பி?" என்றேன். இது நிபந்தனையில் வராத கேள்வி.

"பீகாருங்க அங்கிள். வந்து மூணு வருசமாச்சுங்க."

இங்கே வந்து, இங்கேயே காதால் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழ். 'ங்க' இல்லாமல் தமிழ் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. நாங்கள் உள்ளே வரும்போது கீழே வாசலில் படுத்திருந்த நாயை இவனுடைய கூட்டாளி ஒருவன், "கொஞ்சம் அக்கட்டால போங்கண்ணா" என்று எழுப்பியதைப் பார்த்தேன். நாயும் மரியாதை தெரிந்த நாய், போயிற்று.

பையன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு, மேசைமேல் வைக்கும் கிரைண்டர் ஒன்றைக் காட்டி ஆரம்பித்தான்.

"இது ஃபுல் காப்பர் மோட்டாருங்க. மோட்டார் முழுக்கச் செம்புங்க."

முதல் அடி. மோட்டாரில் செம்பு என்பது சுற்றியிருக்கும் கம்பி மட்டும்தான். ஸ்டேட்டரும் ரோட்டரும் தகடு தகடாக அடுக்கிய சிலிக்கான் ஸ்டீல். முழுக்கச் செம்பாக இருந்தால் அதில் தீர்த்தம் வைக்கலாம், மாவு ஆட்ட முடியாது. இதெல்லாம் தொண்டை வரை வந்தது. அக்கா திரும்பிப் பார்த்தார். விழுங்கிவிட்டேன்.

"பவர் அர ஹெச்பிங்க."

பெட்டியின் மேலேயே 150 வாட் என்று அச்சடித்திருந்தது. ஒரு ஹெச்பி என்றால் 746 வாட். 150 என்பது அரைக் குதிரை இல்லை, கால் குதிரைகூட இல்லை. ஐந்தில் ஒரு பங்கு. வாலும், மிஞ்சிப் போனால் ஒரு பின்னங்காலும். மாவாட்ட அது தாராளமாகப் போதும் என்பது வேறு கதை. விழுங்கினேன்.

"ஸ்பீடு, மிக்சியாட்டவே இருபதாயிரம் ஆர்பிஎம்முங்க."

இதை விழுங்குவது கஷ்டமாக இருந்தது. மிக்சிக்கு வேகம் வேண்டும். அதனால்தான் மிக்சியில் அரைத்த மாவு சூடேறுகிறது. கிரைண்டருக்கு நிதானம்தான் மூலதனம். மோட்டார் ஓடும் வேகத்தை பெல்ட் போட்டுக் குறைத்துத்தான் கல்லுக்கே கொடுப்பார்கள். இரண்டு கல்லைச் சட்டியில் வைத்து இருபதாயிரம் சுற்று விட்டால், காந்திபுரத்தில் போட்ட உளுந்தைப் பொள்ளாச்சியில் போய்த்தான் வழித்து எடுக்க வேண்டும். ஸ்டூலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்குக் கோயமுத்தூர் மாடல் வேணுங்களா, சாதா மாடலுங்களா?"

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்னிடமே கோயமுத்தூர் மாடலா என்று கேட்கிறான்! திருப்பதியில் போய் மொட்டை அடித்துக்கொண்டு நிற்பவனிடம், சாமி கும்பிடுவீங்களா என்று கேட்ட மாதிரி இருந்தது.

கடைசியாக, "இதுல பாருங்க, குழவி சுத்துமுங்க" என்றான்.

அணை உடைந்தது. "இல்லீங்க தம்பி" என்று எழுந்துவிட்டேன். "ஆட்டுக்கல்லுலதான் கல்லு நிக்கும், குழவி சுத்தும். அந்தக் குழவியச் சுத்திச் சுத்தித்தான் எங்கம்மாவுக்குத் தோள்பட்டை போச்சு. 1955இல சபாபதிங்கறவரு இதே கோயமுத்தூர்ல கிரைண்டரக் கண்டுபுடிச்சாரு. இதுல அப்படியே தலைகீழுங்க. கல்லு சுத்தும், குழவி நிக்கும். அதுதானுங்க இதோட சூட்சுமமே."

பையன் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடி மூடியைத் திறந்து குழவியை ஒரு விரலால் தள்ளிவிட்டான். அது உருண்டது. "சுத்துதுங்களே அங்கிள்?"

"கையில சுத்துனா உலகத்துல எல்லாமே சுத்துமுங்க தம்பி."

"அப்படிங்களா. சரிங்க அங்கிள்" என்று மூடியை மூடினான்.

இதே உரையாடல் வேறு வட்டாரத்துத் தமிழில் நடந்திருந்தால் இந்நேரம் மேனேஜர் வந்திருப்பார். எங்கள் பேச்சில் அதுதான் விசேஷம். கோபம் எவ்வளவு வேகமாக ஏறி வந்தாலும் வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'ங்க' நின்றுகொண்டு இறக்கிவிட்டுவிடும். பேரிங்குக்குக் கிரீஸ் எதுவோ, வியாபாரத்துக்கு 'ங்க' அது. இரும்பும் இரும்பும்தான் உரசுகிறது, ஆனால் தேய்மானம் இல்லை, சத்தமும் இல்லை. என்ன, கிரீஸ் போட்ட சக்கரம் லேசில் நிற்கவும் நிற்காது. நாங்கள் அங்கே நாற்பது நிமிடம் சுற்றினோம்.

அந்த நாற்பது நிமிடத்தில் ஒன்றைக் கவனித்தேன். பையன் ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருந்தான். அந்தத் தளத்தில் நான்கு பையன்கள். ஸ்டூல் ஒன்றே ஒன்று. அதில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று, 1947ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் தமிழ்நாடு அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பேப்பரில் படித்துவிட்டு, நல்ல சட்டம் என்று டீக்கடையில் நான் பேசியும் இருக்கிறேன். இப்போது அவனுக்காகச் சட்டம் போட்ட ஸ்டூலில் நான் உட்கார்ந்துகொண்டு, நிற்கிறவனுக்கு ஆர்பிஎம் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் நொந்துகொண்டிருக்கிறேன்.

மெதுவாக எழுந்து, "நீங்க உக்காருங்க தம்பி" என்றேன்.

அவன் மேனேஜர் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பரவாயில்லீங்க" என்றான். அதற்குப் பிறகு ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை. என் மனைவியின் கைப்பை மட்டும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

மாடலை முடிவு செய்தாயிற்று. ஒரே மாதிரி மூன்று பெட்டிகள் அடுக்கியிருந்தன. இங்கேதான் என் இருபத்தெட்டு வருடம் வேலைக்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டு முன்னால் போனேன். மூன்றையும் தட்டிப் பார்த்தேன். அட்டையில் சுருக்கம் இருக்கிறதா, தயாரித்த மாதம் எது, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, எல்லாம் பார்த்துவிட்டு, மேலே இருந்த பெட்டியைக் காட்டி, "இதையே குடுங்க" என்றேன். பணம் கட்டப் போகும் நேரம்.

பையன் பில்புக்கை எடுக்கவில்லை. என் பக்கமாகக் குனிந்து, குரலைத் தணித்து, "அது வேண்டாங்க அங்கிள்" என்றான். "நேத்து ஏணியில இருந்து கீழ வுளுந்துச்சுங்க. அட்டைக்கு ஒண்ணும் ஆகல. உள்ள கல்லுக்கு என்னாச்சோ தெரியாதுங்க. அடியில இருக்கறத எடுத்துக்கங்க."

கல்லில் மயிரிழை விரிசல் விட்டால் எந்தக் காதுக்கும் கேட்காது, எந்த முத்திரையும் காட்டிக் கொடுக்காது. ஆறு மாதம் கழித்து இட்லியில் மணல் நெறிபடும்போதுதான் தெரியும். காயில் கட்டியவனுக்கு மோட்டாரைத் தெரியும். எந்தப் பெட்டி எப்போது விழுந்தது என்பது, நாள் முழுக்க அதன் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் தெரியும். முதல் 'ஃபுல் காப்பரி'லேயே நான் அவனை மடக்கியிருந்தால், நாலு பேர் முன்னால் "தெரியாமப் பேசாதீங்க தம்பி" என்று சொல்லியிருந்தால், அவனும் மரியாதையாக, "சரிங்க அங்கிள், நல்ல பீசுங்க" என்று அந்த மேல்பெட்டியையே பில் போட்டிருப்பான். அதில் பொய்யும் இல்லை, நான்தானே தேர்ந்தெடுத்தேன்.

அடியில் இருந்த பெட்டியை எடுத்துக் கொடுத்தான். ஆட்டோவில் வரும்போது வீட்டம்மா, "நல்ல பையனுங்க" என்றார். "ம்" என்றேன். அதற்குமேல் என்னிடம் ஆர்பிஎம் இல்லை.

மறுநாள் பொழுதோட ஊற வைத்த அரிசியைப் போட்டு, பூசை செய்து, குங்குமம் வைத்து, ஸ்விட்சைத் தட்டினோம். சத்தத்தைக் கேட்டேன். பேரிங் நன்றாக இருந்தது. பெல்ட் நன்றாக இருந்தது. நிம்மதியாகத் திரும்பும்போது வீட்டம்மா மூடிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, குழவி சுத்துதுங்களே?"

எட்டிப் பார்த்தேன். சட்டி சுற்றிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து, தன் அச்சிலேயே, இரண்டு குழவியும் உருண்டு உருண்டு சுற்றிக்கொண்டிருந்தன. எத்தனை நாள் எங்கள் பழைய கிரைண்டரில் பார்த்திருப்பேன். ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

"அது தானாச் சுத்தறதில்ல" என்று ஆரம்பித்தேன். "சட்டி சுத்தறப்ப அந்த உராய்வுல..."

"எதுல சுத்துனா என்னுங்க, சுத்துதல்ல?" என்று சொல்லிவிட்டு அவர் உளுந்தைக் களையப் போய்விட்டார்.