பீரும் டயப்பரும் பேராண்டியும்

ஏலே பேராண்டி, கையில என்னலே இம்புட்டு கனமா? காட்டு. ம்ம்ம். அட்டையில நீலக் கலர்ல ஒரு மூளை. மூளையச் சுத்தி வயரு. தொழில் பாக்குறவங்களுக்கான நியூரல் நெட்வொர்க், டேட்டா மைனிங் அறிமுகமாம். கீழ பொடி எழுத்துல "கணக்கு தெரிய வேண்டாம்"னு வேற போட்டிருக்கான். அப்படியா? மூணாவது அத்தியாயத்தப் பிரி. பாத்தியா, கிரேக்க எழுத்து வரிசை கட்டி நிக்குது. இதோட நீ புத்தகத்த மூடிருவ. ஆபீஸ் மேசையில, வாரவன் கண்ணுல படுற மாதிரி நிமித்தி வச்சிருவ. காசு குடுத்தது அதுக்குத்தானலே?

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்க. கேளு, சொல்லுதேன்.

நியூரல் நெட்வொர்க்குங்கிறது மூளையும் இல்ல, முருங்கைக்காயும் இல்ல. மாப்பிள்ளை விசாரிக்கப் போறோம்லா, அந்த மாதிரிதான். அத்தை ஒண்ணு சொல்லுவா, தரகர் ஒண்ணு சொல்லுவாரு, பக்கத்து வீட்டுக்காரி ஒண்ணு சொல்லுவா. எல்லார் பேச்சுக்கும் ஒரே மதிப்பா? ஆளுக்குத் தக்கன எடை. எல்லாத்தையும் கூட்டி, இம்புட்டுக்கு மேல போனா சரி, இல்லன்னா வேண்டாம். கல்யாணத்துக்குப் பொறவு மாப்பிள்ளை குடிகாரன்னு தெரிஞ்சா? அடுத்த மகளுக்குப் பாக்கையில தரகர் பேச்சுக்கு எடையக் கொறச்சு, அத்தை பேச்சுக்கு ஏத்துவோம். இதத்தான் கம்ப்யூட்டர் அலுக்காம லட்சம் தடவை செய்யுது. கூட்டிப் பாக்குற பாதிய 1943-ல அமெரிக்காவுல மெக்கல்லக்கும் பிட்ஸும் தாள்ல எழுதுனாவ. எடைய மாத்திக் கத்துக்கிடுற பாதிய 1958-ல ஃபிராங்க் ரோசன்பிளாட் கொண்டாந்தாரு.

அப்ப நடந்த கூத்தக் கேளு. அமெரிக்கக் கடற்படை, நிருபர்களக் கூப்பிட்டு ரோசன்பிளாட் கொண்டாந்தத காட்டுச்சு. நியூயார்க் டைம்ஸ் என்ன எழுதுச்சு? நடக்குமாம், பேசுமாம், எழுதுமாம், தன்னைப் போல இன்னொண்ணப் பெத்துக்கிடுமாம். அன்னைக்கு அது செஞ்சு காட்டுனது என்ன? அம்பது தடவை முட்டி மோதி, இடது எது வலது எதுன்னு கண்டுக்கிட்டு. அம்புட்டுதாம்லே! 1969-ல மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் ஒத்தை அடுக்கு மிஷினால என்னென்ன ஆகாதுன்னு புத்தகமே போட்டுட்டாவ. காசு குடுத்தவன் கைய மடக்கிட்டான். 1986-ல ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூணு பேரும் பல அடுக்குக்கும் எடை மாத்துற வழிய எடுத்துச் சொல்லவும் மறுபடி கூட்டம் கூடிட்டு. கூட்டம் கூடுன எடத்துல யாவாரம் வராம இருக்குமா? தொண்ணூறுகள்ல உன்னைய மாதிரி ஆளுக்குன்னே புத்தகம் வந்துட்டு.

டேட்டா மைனிங்னா பில்லுக் குவியலத் தோண்டிச் சங்கதி எடுக்குறது; அதுக்கு அந்தப் புத்தகங்கள்ல ஒரு கதை வரும். சாயங்காலம் அப்பங்காரன் பிள்ளைக்கு டயப்பர் வாங்கக் கடைக்கு வருவான். கையோட பீரையும் தூக்கிட்டுப் போவான். கம்ப்யூட்டர் அதக் கண்டுபிடிச்சுதாம், கடைக்காரன் ரெண்டையும் பக்கத்துல வச்சானாம், யாவாரம் பிச்சுக்கிட்டு போச்சாம். சொல்லுதவன் வால்மார்ட்டும்பான். நெசம் என்ன தெரியுமா? 1992-ல டெராடேட்டா கம்பெனி தாமஸ் பிளிஷாக்கும் கூட்டாளிகளும், ஆஸ்கோ டிரக் கடைகள் சுமார் 25-ல போட்ட 12 லட்சம் பில்ல அலசுனாவ. 5 மணியிலருந்து 7 மணிக்குள்ள ரெண்டும் சேந்து போறது தெரிஞ்சுது. சரி, கடைக்காரன் என்ன செஞ்சான்? ஒண்ணுஞ் செய்யல. பீரு இருந்த எடத்துல பீரு, டயப்பர் இருந்த எடத்துல டயப்பர்.

யோசிச்சுப் பாரு. தெரிஞ்சு வச்சு என்ன செய்யப் போற? 2006-ல நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டி வச்சான். எவனுக்கு எந்தப் படம் புடிக்கும்னு சொல்லுற கணக்க 10 சதவீதம் மேம்படுத்துனா 10 லட்சம் டாலர். 2009-ல ஒரு கூட்டணி செயிச்சுப் பணத்த வாங்கிட்டுப் போச்சு. ஆனா செயிச்ச அந்த முழுக் கணக்க அவன் ஓட்டவே இல்ல. கூடுற துல்லியத்துக்கு ஆகுற வேலை கட்டுபடியாகலன்னுட்டான். அவனுக்கே கட்டல. உன் கடையோட மூணு கிளைக்குக் கட்டுமாலே?

இன்னொரு சாலக்கும் உண்டு. மிஷினு விக்கிறவன் வந்து, "99 சதவீதம் சரியாச் சொல்லும் சார்"ம்பான். நீ வாயப் பொளப்ப. ஆயிரம் வாடிக்கைக்காரன்ல பத்துப் பேரு உன்ன விட்டுப் போறவன்னு வையி. "ஒருத்தனும் போக மாட்டான்"னு கண்ண மூடிச் சொன்னாலே 990 சரி. அது 99 சதவீதம்லா? அந்த வேலைய இந்தத் திண்ணையில படுத்துக்கிட்டே நான் பாப்பேன், கரண்டுச் செலவும் கெடையாது. போற பத்துப் பேர்ல எத்தனை பேரப் புடிச்சுக் குடுக்கும்னு கேட்டியா?

புத்தகத்தத் திட்டுதேன்னு நெனைக்காத. 1997-ல பெர்ரியும் லினாஃபும் எழுதுன டேட்டா மைனிங் டெக்னிக்ஸ், 2013-ல ப்ரோவோஸ்ட்டும் ஃபாசெட்டும் எழுதுன டேட்டா சயின்ஸ் ஃபார் பிசினஸ், ரெண்டும் தொழில முன்ன வச்சுப் பேசுற நல்ல புத்தகம். ஆனா நீ தாண்டிப் போற பக்கத்துலலா சங்கதி கெடக்கு. கொஞ்சம் பில்ல மிஷினு கண்ணுல காட்டாம ஒளிச்சு வையி, கத்துக்கிட்ட பொறவு அத வச்சுச் சோதிச்சுப் பாரு. பழசப் பாத்து ஒப்பிக்கிறதுல கெட்டிக்காரத்தனம் என்னலே இருக்கு? கிரிஸ்ப்-டிஎம்னு ஒரு முறை இருக்கு, ஆறு படி. மொதப் படி தொழிலப் புரிஞ்சுக்கிடுறது. ரெண்டாவது தரவப் புரிஞ்சுக்கிடுறது. மூணாவது அதச் சுத்தம் பண்ணுறது. மாடலு நாலாவதாத்தான் வருது. நீ எடுத்த எடுப்புல நாலாம் படியில காலத் தூக்கி வைக்க. உன் வாடிக்கைக்காரன் பட்டியல்ல ஒரே முருகன், "முருகன்", "கே. முருகன்", "முருகன் ஸ்டோர்ஸ்"னு மூணு ஆளாக் கெடக்கான். தீவாளிக்கு மூணு வாழ்த்து போவுது. அதத் திருத்த நியூரல் வேணுமா, ஒரு ஞாயித்துக்கெழம போதுமா?

படி, வேண்டாங்கல. படிக்க முந்தி மொதப் பக்கத்துல ஒரு வரி எழுது: எதத் தெரிஞ்சா, நாளைக்குக் கடை தொறந்ததும் எத மாத்துவேன்? எழுத வரலியா? பில்லு போடுற பிள்ளைகிட்ட கேளு. எவன் வரத்த நிப்பாட்டிட்டான், எதுக்கு நிப்பாட்டுனான்னு பேரோட சொல்லுவா. மொதல்ல அவளுக்குச் சம்பளத்த ஏத்திக் குடு. மிஷினு வாடகைய விடக் கொறச்சல்தான்.