விழுவதானால் சூதாட்ட விடுதியில் விழுங்கள்

அமெரிக்காவில் வைத்துத்தான் இதயம் நிற்கும் என்று தலையில் எழுதியிருந்து, இடத்தை மட்டும் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றால், நேரே லாஸ் வேகாஸ் போய்விடுங்கள். கேலி இல்லை. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2000ஆம் ஆண்டு வந்த ஆய்வு அப்படித்தான் சொல்கிறது. சூதாட்ட விடுதிகளில் இதயத் துடிப்பு தாறுமாறாகி விழுந்த 105 பேரில் 53 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். பிறர் பார்க்க விழுந்து, மூன்று நிமிடத்துக்குள் ஏஇடி என்னும், மின்சார ஷாக் கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் தானியங்கிக் கருவியால் முதல் ஷாக் கிடைத்தவர்களில் பிழைத்தது 74 சதவீதம். ஷாக் கொடுத்தது டாக்டர் இல்லை, செக்யூரிட்டி ஆள். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கேமரா. சீட்டைக் கையில் ஒளிக்கிறவனைப் பிடிக்க வைத்த கண், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவனையும் பார்த்துவிடுகிறது. உங்களிடம் மிச்சமிருக்கும் காசுக்காகவாவது அவர்களுக்கு நீங்கள் உயிரோடு வேண்டும்.

கடைகளுக்கு அந்தக் கவலை கிடையாது. பில் போட்டாயிற்று என்றால் முடிந்தது.

2008இல் தெற்குக் கலிபோர்னியாவில், டார்கெட் என்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் ஒரு கடை. சாமான் வாங்க வந்த 49 வயதுப் பெண் இதயம் நின்று விழுந்தார். ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆயின. அவர் இறந்துபோனார். கடையில் ஏஇடி இல்லை. ஆனால் அதே நிறுவனத்தின் இணையதளத்தில் ஏஇடி விற்பனைக்கு இருந்தது, விலை சுமார் 1,200 டாலர்! ஊருக்கு விற்பதற்கு உண்டு, சொந்தக் கடைச் சுவரில் மாட்டத்தான் இல்லை. வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏஇடி வைத்திருப்பது பொதுச் சட்டப்படி கடைக்காரரின் கடமை ஆகாது என்று 2014இல் தீர்ப்பு வந்தது. வாங்க வேண்டும், பராமரிக்க வேண்டும், ஆள் பழக்க வேண்டும், அது பெரிய சுமையாம். கட்டாயமாக்க வேண்டுமானால் சட்டமன்றம் செய்துகொள்ளட்டுமாம். பாவம், டார்கெட்! அவ்வளவு பெரிய சுமையை எப்படித் தூக்கும்?

சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2000 நவம்பரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், ஏஇடியைப் பயன்படுத்தியவருக்கும் வாங்கி வைத்தவருக்கும் வழக்கிலிருந்து காப்புத் தருகிறது. மாநிலங்களும் இதே போலச் சட்டம் போட்டன. மத்திய அரசுக் கட்டடங்களில் ஏஇடி வைக்க வழிகாட்டி நெறிமுறை வகுக்கச் சொன்னதும் இதே சட்டம்தான். நீங்கள் வேலை பார்க்கும் கிடங்குக்கும் கால் சென்டருக்கும்? அங்கே பணியிடப் பாதுகாப்புத் துறை பரிந்துரை செய்கிறது. வைத்தால் நல்லது என்கிறது. தலையில் எது விழுமோ என்று ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கத் தெரிந்த துறைக்கு, தானாகக் கீழே விழுகிற மனிதனைப் பற்றிப் பரிந்துரைதான் செய்ய வருகிறது.

இந்த இடத்தில் கம்பெனி வக்கீல் உள்ளே வருகிறார். வழக்கிலிருந்து காப்பு வேண்டுமானால் நிபந்தனை உண்டு. கலிபோர்னியாவில் 2015இல் சட்டத்தைத் தளர்த்தும் வரை முப்பது நாளுக்கு ஒருமுறை கருவியைச் சோதிக்க வேண்டும், மருத்துவர் ஒருவர் மேற்பார்க்க வேண்டும், ஊழியருக்குப் பயிற்சி தர வேண்டும். வக்கீல் இதை இரண்டு தடவை படித்தார். வாங்கினால்தானே நிபந்தனை? நிபந்தனை இருந்தால்தானே மீறல்? மீறினால்தானே வழக்கு? வாங்கவே வாங்காதவனை யார் என்ன கேட்பார்கள்? உயிரைக் காக்க முன்வருகிறவனுக்குத் தைரியம் கொடுக்க எழுதிய சட்டத்தை, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கான அனுமதிச் சீட்டாக மாற்றிக் கொடுத்துவிட்டு ஃபீஸையும் வாங்கிக்கொண்டார்.

சரி, கட்டாயமாக்கிவிட்டால்? அதற்கும் நியூயார்க் பதில் வைத்திருக்கிறது. 500 உறுப்பினர்களுக்குக் குறையாத உடற்பயிற்சிக் கூடங்கள் ஏஇடியும் பயிற்சி பெற்ற ஆளும் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். 2007இல் பாலி என்ற உடற்பயிற்சி நிறுவனத்தின் கூடம் ஒன்றில் ஒருவர் சுருண்டு விழுந்தார். கருவி இருந்தது. பயிற்சி பெற்ற ஊழியரும் இருந்தார். கருவியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். மாட்டவில்லை. மூச்சு இருப்பதாகத் தோன்றியதாம், நாடி லேசாக இருந்ததாம். இதயம் நின்றவருக்கும் சில நிமிடம் இழுப்பு மூச்சு வரும். அதை வைத்து மனிதர்கள் ஏமாறக் கூடாது என்றுதான் துடிப்பைத் தானே அலசி, தேவை என்றால் மட்டும் ஷாக் கொடுக்கும்படி இந்தக் கருவியைச் செய்திருக்கிறார்கள். மனிதர் இறந்தார். 2013இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் சட்டத்தைப் பிரித்துப் பார்த்துச் சொன்னது: இந்தச் சட்டம் வைத்திருக்கத்தான் சொல்கிறது, பயன்படுத்தும் கடமையை விதிக்கவில்லை. விளக்கு வாங்கி மாடத்தில் வை, இருட்டினாலும் ஏற்ற வேண்டியதில்லை.

இத்தனைக்கும் இந்த இரண்டு வழக்கிலும் ஷாக் கொடுத்ததற்காக யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. ஒன்றில் கருவி இல்லை என்பது புகார், மற்றதில் இருந்தும் தொடவில்லை என்பது புகார். ‘உதவி செய்தால் கேஸ் போடுவார்கள்’ என்று இன்னும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்கிறார்கள்?

கஷ்டமான கருவி, எல்லோருக்கும் கைவராது என்று கடைசியாக ஒரு சாக்கு உண்டு. 1999இல் வந்த ஓர் ஆய்வில், பயிற்சியே இல்லாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 15 பேரிடம் ஏஇடியைக் கொடுத்து, பொம்மை ஒன்றைக் காப்பாற்றச் சொன்னார்கள். கருவி பேசியது, பிள்ளைகள் கேட்டுச் செய்தார்கள். சராசரி 90 வினாடி. ஆம்புலன்ஸ் தொழில்காரர்களுக்கு அதே வேலைக்கு 67 வினாடி ஆனது. பிள்ளைகள் 23 வினாடிதான் பின்தங்கினார்கள். ஒரு கம்பெனி வக்கீலையும் கூட உட்கார வைத்திருந்தால், அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் முதல் ஆலோசனைக் கூட்டத்தில்தான் இருந்திருப்பார்கள்.