தெமோதரையில் ஒரு தலைப்பாகை

பதுளைக்குப் போகும் ரயில் தெமோதரை நிலையத்தை விட்டுச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. சரிவில் தண்டவாளத்தை நேரே இறக்கினால் ரயில் தாங்காது. சுற்றவிட்டு நீளத்தைக் கூட்ட வேண்டும். விளக்கம் அவ்வளவுதான்.

இது யாருக்கு வேண்டும்?

பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர வழி தெரியாமல் திகைத்து நிற்க, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினாராம். உடனே யோசனை பளிச்சிட்டதாம். ரயிலில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லாமல் விடமாட்டார். சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் பாதையில் 1882இலேயே சுழல் சுரங்கங்கள் வந்துவிட்டன. டார்ஜிலிங் மலைப்பாதையும் தெமோதரைக்கு மூத்தது. அங்கெல்லாம் யார் தலைப்பாகை கட்டினார் என்று எவரும் விசாரிப்பதில்லை.

பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் கதை தயார்: வரவேண்டிய இரும்பை முதல் உலகப் போர் வாரிக்கொண்டதால்தான் கல்லும் செங்கல்லுமாம்.

தெமோதரைக் கதையில் பொறியியலாளருக்குப் பெயரும் உண்டு, தலைப்பெழுத்தும் உண்டு. கங்காணிக்குத் துணி மட்டும். ரயில் பதுளைக்கு வந்தது 1924இல். அடுத்த 24 வருடத்தில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதற்கு மட்டும் ரயிலில் சொல்லும்படியான கதை எதையும் இன்னும் யாரும் கட்டிவிடவில்லை.